தேவானையின் சிபாரிசுக் கார்டு

அந்தப் பேச்சு நடந்தபோது மார்கழி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பாண்டி பஜாரில் கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தார்கள். அய்யாதுரை அண்ணாச்சி கல்லாவுக்கு மேலிருந்த சாமி படங்களுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டே, திரும்பாமல் ஆரம்பித்தார்.

“தேவான, எத்தன நாளு லீவு கேட்ட?”

“ரெண்டு மாசம் அண்ணாச்சி. பொங்கலுக்கு மறுநாள்லேந்து.”

“கல்யாணம் ஒரு நாளு. லீவு ரெண்டு மாசமா? மாப்பிள்ள எனக்குச் சொந்தக்காரன்னு தெரிஞ்சுதான கேக்க?”

“பதினஞ்சு வருசமா நான் லீவே போட்டதில்ல. அத்தினியும் சேத்துக் கேக்கறேன்.”

“சரி, எடுத்துக்கோ. ஆனா மாசாமாசம் போற சிபாரிசுக் கார்டு நிக்கப்பிடாது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மூணுக்கும் இப்பமே கேட்டுச் சொல்லிரு. டைப்பு பிள்ள எழுதி வச்சுக்கிடட்டும்.”

“மூணு மாசத்துக்கு எங்க அண்ணாச்சி போறது? புச்சா வந்ததே ஏழு ரிகார்டு.”

“ஏழ மூணாப் பிரி. உனக்கா தெரியாது?”

“பிரிக்கிறது இல்ல, கேக்கணுமே. ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கமும் கேக்கணும்.”

“கேளு. கேக்கத்தான சம்பளம் வாங்குத?”

தேவானை ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். “டைப்பு பிள்ளை” என்று அண்ணாச்சி சொன்ன ஜெயபாரதி அப்போது தட்டச்சு இயந்திரத்தின் உறையை மடித்துக்கொண்டிருந்தாள். தேவானை அக்காவின் முகத்தில் தெரிந்தது கல்யாண வேலையின் அலுப்பு என்றே நினைத்தாள். முப்பத்துநாலு வயதில் கல்யாணம், வேலை எல்லாம் ஒருத்தி தலையில், அலுப்பு இருக்காதா என்று எண்ணிக்கொண்டு, ரிப்பனைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

தேவானையின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சிந்தாதிரிப்பேட்டையில் சைக்கிள் பாகங்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். கூவத்தின் ஓரமாக ஒரே அறையில் குடித்தனம். அவர் இறந்தபோது தேவானை பத்தாவது முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு தம்பிகள் பள்ளியில் இருந்தார்கள். அய்யாதுரை அண்ணாச்சியின் குடும்பத்துக்கு ஜவுளிதான் தொழில். இசைத்தட்டுக் கடை அவர் ஆசைப்பட்டுப் போட்டது. வாடிக்கையாளர் கேட்கும் தட்டை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் சுழலவிட்டுக் காட்டுவதற்கு ஒரு பெண் வேண்டும் என்றார். சுருதி, ராகம் எதுவும் படிக்காத தேவானை வந்து சேர்ந்தாள்.

அவளுக்குப் படிப்பில் இல்லாதது காதில் இருந்தது. ஒரு தட்டை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், அது யாருக்கு ஆகும், எந்த நேரத்துக்கு ஆகும் என்று நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள். பாட்டுக்காகத் தட்டு வாங்குபவர்கள் அவளிடம் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். அவளிடம் வந்தவர்கள் வேறு ஜாதி. பாட்டு வேண்டாம், வார்த்தை வேண்டாம், வீட்டில் ஏதாவது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்பவர்கள். அடையாற்றில் தூக்கம் வராத ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போட என்று கேட்டு வரும் பல் டாக்டர். டிசம்பர் முழுக்கச் சபா சபாவாக ஏறி இறங்கி, தனி ஆவர்த்தனம் என்றாலே கையெடுத்துக் கும்பிடும் மயிலாப்பூர் மாமிகள்.

“ஆத்துல கேக்க ஏதாவது குடுடிம்மா. ஆனா அது என்னைக் கேக்கச் சொல்லப்படாது” என்பார் ஒரு மாமி.

“புரியுது மாமி. அது பாட்டுக்கு அது, நீங்க பாட்டுக்கு நீங்க.”

“அதேதான்!”

இந்தக் கூட்டத்துக்காக உண்டானதுதான் சிபாரிசுக் கார்டு. மாதம் ஒன்று. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். அச்சடித்து இருநூறு வீடுகளுக்குத் தபாலில் போகும். தேவானை சொல்லுவாள், ஜெயபாரதி எழுதுவாள். ஐந்தாவது வரை தமிழிலும் அப்புறம் கான்வென்டில் ஆங்கிலத்திலும் படித்த ஜெயபாரதிக்கு இரண்டு மொழியிலும் எழுத வரும். இரண்டிலும் பேசத்தான் வராது. கடைக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் வாடிக்கையாளரிடம் பேசிய மொத்தப் பேச்சும் ஒரு தாளில் அடங்கிவிடும். அறைக்குள் ஒருவர்தான் நிற்கலாம் என்பதால் கேட்பது ஒருத்தி, எழுதுவது ஒருத்தி என்று ஆகிப்போனது. தான் எழுதிய தட்டுகளில் ஒன்றைக்கூட ஜெயபாரதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கார்டுக்கு என்று தேவானை தேடிப் பிடித்த தட்டுகள் பெரிய கம்பெனிகளின் பட்டியலில் இருக்காது. ராயப்பேட்டை இனாயத் என்பவர் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியத்தில் நாற்பது நிமிஷம் ஒரே ராகத்தை உலாவவிட்டு, தன் செலவில் போட்ட தட்டு. “ஜுரத்தில் படுத்திருப்பவர்களுக்கு” என்று அதற்குத் தலைப்பு. அடையாற்றில் நாலு கல்லூரிப் பையன்கள் கிதாரும் கடமும் வைத்துக்கொண்டு போட்டது. “துணி மடிக்கும்போது.” கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஜெர்மன் தட்டில் இயந்திரத்தில் எழுப்பிய ஒரே ஓசை இருபது நிமிஷம் நீண்டது. அண்ணாச்சி இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, “இதுக்கு எங்க வீட்டு ஃபிரிட்ஜு போதுமே” என்றார். தேவானை அதையே கார்டில் போடச் சொன்னாள்: “குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்களுக்கு.” மூன்று பேர் வந்து கேட்டார்கள்.

மாப்பிள்ளை வெள்ளைத்துரையும் இந்தக் கார்டு வழியாக வந்தவர்தான். மின்வாரியத்தில் மேற்பார்வையாளர், நாற்பது வயது, அசோக் நகரில் அம்மா தங்கபுஷ்பத்தோடு இருந்தார். மூன்று வருடமாகக் கார்டைப் படித்து, மாதம் ஒரு தட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், ஒருநாள் அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டு, “இந்தக் கார்டுல எழுதுதவுக யாரு?” என்று கேட்டார். “எழுதுதது ஒரு பிள்ள. கேக்குதது ஒரு பிள்ள. உனக்கு எது வேணும்?” என்றார் அண்ணாச்சி. “கேக்கிறவுக” என்றார் வெள்ளைத்துரை. அவருடைய அம்மாவுக்குக் கடையில் நிற்கும் பெண் என்பதில் மனக்குறைதான். “அப்படி என்னத்தக் கண்டே?” என்று அம்மா கேட்டதற்கு, “அவளுக்கு இருக்கிற காது மெட்ராஸ்லயே யாருக்கும் இல்ல” என்று சொல்லி வாயை அடைத்தாராம். அண்ணாச்சி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தேவானை சிரித்ததை ஜெயபாரதி பார்த்ததில்லை.

டிசம்பர் கார்டில் கோட்டூர்புரம் ஜவஹர் என்பவரின் தட்டு இருந்தது. கல்லூரி விரிவுரையாளர்; ஆற்றைப் பார்த்த தன் அறையில் ஒலிப்பதிவு இயந்திரத்தை வைத்து, கிதாரில் ஒரு சுரம், நெடுநேரம் கழித்து இன்னொரு சுரம் என்று வாசித்திருந்தார். வெள்ளை உறை, ரப்பர் ஸ்டாம்பில் தலைப்பு, மொத்தமே முந்நூறு பிரதி. தேவானை கேட்டுவிட்டு வந்து சொன்னதை ஜெயபாரதி இப்படி எழுதினாள்: “ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் உங்கள் வீடுதான் கேட்கும்.” எழுதியதில் அவளுக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

அண்ணாச்சியோடு அந்தப் பேச்சு நடந்து ஒரு வாரம் கழித்து, மத்தியான வேளையில் வெள்ளைத்துரை கடைக்கு வந்தார். கல்யாணம் பேசி முடித்த பிறகு கடைக்கு வருவதை அவர் தவிர்த்துவந்தார். அன்று வேறு வழியில்லாதவர்போல, செய்தித்தாளில் சுற்றிய தட்டோடு வந்து நின்றார்.

“ரிகார்டு பிளேயருக்கு இன்னொரு நீடில் வேணும்” என்றார், தேவானையைப் பார்க்காமல் கல்லாவைப் பார்த்து.

“ஏம்ல, நீடில வச்சுத் துணி தைக்கியா? போன வாரந்தான ரெண்டு வாங்கின?” என்றார் அண்ணாச்சி.

“மூணாவது அண்ணாச்சி. ஜவஹர் தட்டு போட்டா கிணிகிணின்னு ஒரு சத்தம், முதல்லேருந்து கடைசி வரைக்கும். இவுக எழுதின ஒண்ணுமில்லாத எடம் எங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டேங்கு.”

“தட்டுலயே இருக்கும்ல.”

“தட்டுல இருந்தா இவுக சொல்லியிருப்பாகளே” என்றார் வெள்ளைத்துரை, அதில் சந்தேகத்துக்கே இடமில்லாதவர்போல. “நீடில்தான் கோளாறு. பொங்கல் கழிச்சு ஞாயித்துக்கிழம கல்யாணத்த உறுதி பண்ண வாறோம்லா, அன்னைக்கு ரிகார்டு பிளேயரையும் கொண்டாந்து இதப் போடலாம்னு இருக்கேன். லவுட்ஸ்பீக்கர் வேண்டாம், அம்மா கேக்கட்டும், எங்க சித்தப்பாமாரும் கேக்கட்டும். அதுக்குள்ள சரிபண்ணிரணும்.”

தேவானை தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். பில் புத்தகம் அறையின் அலமாரியில் இருந்தது. அதை எடுக்கப் போன ஜெயபாரதி, திறந்த கதவில் ஒரு காலை வைத்து நின்றாள். அப்போது கேட்டது. கிதாருக்குப் பின்னால், ஜன்னலில் சின்னக் கண்ணாடித் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டதுபோல், மெல்லிய கூர்மையான மணி. ஆற்றுக் காற்று வந்தபோதெல்லாம் அடித்தது. தட்டிலேயே இருந்தது. தேவானை ஒலியைக் கூட்டினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். இன்னும் கூட்டினாள். மணி ஜெயபாரதியின் பல்லில் கூசியது. அக்காவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்து, “ஆமா, நீடில்தான்” என்றாள் தேவானை. புது நீடில் ஒன்றைப் பிரித்து, அவரிடம் நீட்டினாள்.

வெள்ளைத்துரை சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பின்கட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். தேவானை டப்பாவைத் திறக்கவில்லை.

“நீ கேட்ட இல்ல?”

“கேட்டேன் அக்கா.”

“இன்னா அது?”

“மணி. கண்ணாடி மணி மாதிரி.”

“நல்லா கீதா?”

ஜெயபாரதி இரண்டு மொழியிலும் தேடிப் பார்த்தாள். “நல்லா இருக்கு” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

தேவானை மெதுவாகச் சொன்னாள். ஒரு வருடமாகவே இப்படி. முதலில் போனது பிரஷர் குக்கர் விசில் அடங்கும்போது வரும் கடைசிச் சத்தம். அப்புறம் குருவி. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். நரம்பு என்றார்கள், மேல்சத்தம் முதலில் போகும், மற்றது போகப் போகப் போகும், மருந்து இல்லை என்றார்கள். பதினைந்து வருடம் அறைக்குள் நின்று கேட்டதாலா என்று அவள் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்கள்.

“அவருக்கு வேணுங்கிறது என் காதுதான். மூஞ்சிய அவரு சரியாக்கூடப் பாத்ததில்ல. அந்தக் காது ஓட்டையாப் பூட்டுதுன்னு தெரிஞ்சா அவங்க அம்மா அப்பவே ஏந்துருப்பாங்க. தம்பிங்க ரெண்டு பேருக்கும் பொண்ணு பாத்துக்கினு கீறாங்க. இது நின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்த வூட்ல ஒக்கார்றது? இனிமே எனக்கு எவன் வருவான்?”

ஜெயபாரதி தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள். அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

“ஒண்ணு பண்ணலாம்” என்றாள் தேவானை. “அந்த மணி எங்கெங்க வருதுன்னு எனக்குச் சொல்டு. மனப்பாடம் பண்ணிக்கிறேன். புது நீடில் போட்டும் அது போவாது. ஞாயித்துக்கிழம அவரு ‘இது மணியில்ல?’ன்னு கேப்பாரு. ‘ஆமா, ரெண்டாவது தபா கேட்டப்போதான் கவனிச்சேன்’னு சொல்லி, கரெக்டா தலையாட்டிடறேன்.”

அன்று முதல் ஐந்து நாள், மத்தியானம் கடை காற்று வாங்கும் நேரத்தில், ஒருவர் நிற்கும் அறைக்குள் இருவரும் நின்றார்கள். தோளோடு தோள் இடித்தது. யாரையும் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாத ஜெயபாரதி, மணி வந்தபோதெல்லாம் தேவானையின் மணிக்கட்டில் ஒரு விரலால் தட்டினாள். தாளத்தில் விழுந்தால் எண்ணிப் பிடித்துவிடலாம். இது காற்று அடித்தது. நாலு தட்டு சேர்ந்தாற்போல் வரும், பிறகு ஒரு நிமிஷம் வராது. தேவானை கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து, பில் தாளின் பின்பக்கம் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். முதல் பக்கத்தில் மட்டும் இருபத்தாறு இடம்.

“எதுக்கு ரெண்டு பேரும் உள்ள அடஞ்சு கெடக்கிய?” என்று வெளியிலிருந்து கத்தினார் அண்ணாச்சி.

“மார்ச்சு மாசத்துக்குக் கேட்டுக்கினு கீறோம் அண்ணாச்சி.”

“கேளுங்க, கேளுங்க. கண்ணாடிய ஒடச்சிராதிய.”

இடையில் கார்டு வேலையும் நடந்தது. மீதித் தட்டுகளைத் தேவானை கேட்டு, ஜெயபாரதியையும் கேட்கவைத்து, “இதுல ஒண்ணும் ஒளிஞ்சிக்கினு இல்லியே?” என்று விசாரித்த பிறகே சொன்னாள். முன்பு நாலு வாக்கியம் சொன்னவள் இரண்டோடு நிறுத்தினாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். அத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வேண்டும், பாத்திரக் கடைக்குப் போக வேண்டும் என்று அடுக்கிவிட்டு, எதற்கும் போகாமல் நேராக வீட்டுக்குப் போனாள். இரவு படுத்தால் கண்ணுக்குள் வினாடி முள் ஓடுகிறது என்றாள். தூங்கி எழுந்தாலும் தூங்கினதுபோல் இல்லை என்றாள்.

ஆறாவது நாள் ஜெயபாரதி மணிக்கட்டைத் தொடவில்லை. தேவானையும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தட்டின் முதல் பக்கம் முழுவதற்கும் தலையாட்டினாள். இருபத்தாறு இடம். ஒன்றுகூடத் தப்பவில்லை. மணி வருவதற்கு ஒரு கணம் முன்பே உதட்டின் ஓரம் லேசாக மலர்ந்தது, எதிர்பார்த்துக் காத்திருந்து ரசிப்பவளைப்போல. பார்த்துக்கொண்டிருந்த ஜெயபாரதிக்கே, அக்காவுக்குக் கேட்கத்தான் கேட்கிறதோ என்று ஒரு மயக்கம் வந்தது.

பிளேயரின் முள் தட்டின் உள்வட்டத்தில் போய் உரசியது. தேவானை அதை எடுக்காமல் நின்றாள்.

“சரியா வந்துட்டுது அக்கா. எல்லாமே.”

“வந்துட்டுது இல்ல?” தேவானை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஒரு ரிகார்டுக்கு ஆறு நாளு. அதுவும் ஒரு பக்கத்துக்கு. அவுரு வூட்ல முப்பத்தாறு ரிகார்டு கீது, பாரதி. அத்தினியும் நான் சொல்லி வாங்கினது. மாசம் ஒண்ணு இன்னும் வாங்குவாரு. குயந்த பொறந்தா அது அய்றதுக்கும் நான் கடிகாரத்தப் பாத்துக்கினு ஒக்காரணுமா?”

ஜெயபாரதி குனிந்து முள்ளைத் தூக்கி வைத்தாள். அறை சட்டென்று அமைதியானது. கண்ணாடிக்கு அப்பால் அண்ணாச்சி யாருக்கோ பக்திப் பாடல் தட்டு ஒன்றை உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பயமா இல்ல” என்றாள் தேவானை. “பயந்தா நல்லாருக்குமேன்னு கீது. பயந்தா ஓடலாம். எனக்கு அசதியாத்தான் கீது. பொய் சொல்லணும்னா ஒடம்புல தெம்பு ஓணும். பதினஞ்சு வருசம் நின்னுக்கினே வேல பாத்தவளுக்கு அது எங்க மிச்சம் கீது?” முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். “ஜனவரி கார்டு பிரஸ்ஸுக்குப் பூட்டுதா?”

“நாளைக்குக் காலைல போகுது.”

“பொங்கல் வாழ்த்துக் கும்பல்ல தபால் லேட்டாகுமே. ஞாயித்துக்கிழமைக்குள்ள அசோக் நகர் போய்ச் சேருமா?”

“சேரும் அக்கா. நானே பெரிய தபாலாபீஸ்ல போட்டுடறேன்.” பிறகு, வழக்கத்துக்கு மாறாக, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள் ஜெயபாரதி. “அவர்கிட்ட நேர்லயே சொல்லலாமே. கார்டுன்னா இருநூறு பேர் படிப்பாங்க. அண்ணாச்சி என்ன சொல்லுவாரோ.”

“அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நேர்ல சொன்னா அவுரு ‘அதனால இன்னா’ன்னு டக்குனு சொல்டுவாரு. நல்ல மனுசன், மூஞ்சிக்கு நேரா வேற எதுவும் வராது அவருக்கு. சொல்லிட்டு வூட்டுக்குப் போயி யோசிப்பாரு. அப்பறம் சொன்ன சொல்ல எடுக்கவும் முடியாது, வச்சிக்கவும் முடியாது. கார்டா போனா தனியா ஒக்காந்து படிப்பாரு. ஓணாம்னா ஓணாம்னு சொல்லி அனுப்ப நாலு நாளு டைம் கீது. அந்த இருநூறு பேரும் என்ன நம்பித்தான வாங்கினாங்க, எத்தினி பேரு நீடில மாத்திக்கினு கீறாங்களோ.”

வெளியே தட்டு சுழலத் தொடங்கியது. தேவானை எழுந்து, கதவை ஒட்டிய அலமாரியிலிருந்து பென்சிலை எடுத்து, ஜெயபாரதியின் கையில் கொடுத்தாள்.

“எல்லா ரிகார்டுக்கும் மேல, முதல்ல போடு. டிசம்பர்ல நான் சொன்ன தட்டுல மணிச் சத்தம் கீது, எனக்குக் கேக்கல, என் காது கொறஞ்சிக்கினு வருது, தேவானை. அவ்ளோதான். தமிழ்லயும் போடு, இங்கிலீஷ்லயும் போடு. எப்பவும் நான் சொல்றத நீ அயகு பண்ணுவ இல்ல, இத மட்டும் அயகு பண்ணாத பாரதி. நான் சொன்ன மாதிரியே எய்து.”